இனிப்புநீரும் கென்சிங் மானிஸும்: நோய்ப்பெயர்களில் தமிழும் மலாயும்

மதுரையிலிருந்து ஜொகூர் பாருவுக்கு வந்திருந்த என் மாமா, காலையில் தமிழ் நாளேட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "ஏம்ப்பா, இங்கே இனிப்புநீர்னு ஏதோ விக்கிறாங்களா? கட்டுப்பாடு வேணும்னு பெருசா எழுதியிருக்கானே, அத்தனை பேரா குடிக்கிறாங்க?"

மாமா இருபது வருடமாகச் 'சுகர்' மாத்திரை விழுங்குகிறவர். தன் நோயின் பெயரையே அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தமிழ்நாட்டில் அது நீரிழிவு. பேச்சில் சர்க்கரை, சுகர். மலேசியத் தமிழனுக்கு அது இனிப்புநீர். அடுத்த வீட்டு மலாய்க்காரர் அதையே கென்சிங் மானிஸ் என்பார். கென்சிங் என்றால் சிறுநீர், மானிஸ் என்றால் இனிப்பு. இரண்டையும் தராசுத் தட்டில் வைத்தால் முள் அசையாது.

மாமாவின் கேள்விதான் இந்த ஒப்பீட்டுக்குப் பிள்ளையார் சுழி. தமிழும் மலாயும் ஒரு குடும்பத்து மொழிகள் அல்ல. ஒன்று திராவிடக் கிளை, மற்றது பசிபிக் தீவுகள்வரை பரவிய ஆஸ்திரோனேசியக் கிளை. ஆனாலும் ஜொகூரின் அரசு கிளினிக்குகளில் இரண்டும் ஒரே நீள நாற்காலியில் உட்கார்ந்து எண் கூப்பிடக் காத்திருக்கின்றன. உடம்பையும் நோயையும் இவ்விரு மொழிகளும் எந்தக் கண்ணால் பார்த்துப் பெயரிட்டன, எங்கே ஒன்றாக நடந்தன, எங்கே பிரிந்தன என்று பார்ப்பதே நோக்கம்.

பழமும் காயும்

சிறுநீரகத்துக்கு மலாயில் புவா பிங்காங். புவா என்பது பழம், பிங்காங் என்பது இடுப்பு. ஆக, இடுப்புப் பழம். கேட்டதும் நமக்குச் சிரிப்பு வரும். சிரிப்பதற்கு முன் நம் பழைய சொல்லை நினைத்துக்கொள்ள வேண்டும். தமிழ் விவிலியத்தின் லேவியராகமத்தைத் திறந்தால் பலி ஆட்டின் சிறுநீரகம் குண்டிக்காய் என்றே இருக்கும். அவர்களுக்கு இடுப்பில் பழம், நமக்குக் கொஞ்சம் கீழே காய். குண்டி என்ற சொல் சபையில் சொல்லக் கூசும் சொல்லான பிறகு, சிறுநீரகம் என்ற கண்ணியமான பெயர் அந்த இடத்துக்கு வந்தது. உறுப்பின் உருவத்தைச் சொன்ன பெயர் போய், அது செய்யும் வேலையைச் சொல்லும் பெயர் வந்தது. மலாய்க்காரர் பழத்தை விடவில்லை. இன்றும் மருத்துவமனைப் பலகையில் புவா பிங்காங் என்றே எழுதுகிறார்கள்.

கண்ணுக்குள் இருக்கும் கருவட்டத்தை எடுத்துக்கொள்வோம். மலாயில் ஆனாக் மாத்தா, அதாவது கண்ணின் பிள்ளை. தமிழில் கண்பாவை, பாப்பா. எதிரே நிற்பவரின் குட்டி உருவம் அதில் தெரிவதால் வந்த பெயர். லத்தீனில் பூப்பில்லா என்றாலும் சிறுமி, பொம்மை என்றே பொருள். மூன்று மொழி மக்கள் ஒருவர் கண்ணை ஒருவர் உற்றுப் பார்த்து ஒரே பொம்மையைக் கண்டிருக்கிறார்கள். யாரும் யாரிடமும் கடன் வாங்கத் தேவையே இல்லை.

எல்லா இடத்திலும் இப்படி ஒத்துப்போவதும் இல்லை. கணுக்காலைத் தமிழன் கரும்பாகவோ மூங்கிலாகவோ பார்த்தான். தண்டின் கணு அங்கே தெரிந்தது. மலாய்க்காரர் அதில் ஒரு கண்ணைப் பார்த்து மாத்தா காக்கி, காலின் கண், என்றார். பாதத்தில் வரும் கால் ஆணி அவர்களுக்கு மாத்தா ஈக்கான், மீன் கண். நம்முடையது தச்சுப் பட்டறையில் பிறந்த பெயர், அவர்களுடையது மீன் சந்தையில் பிறந்தது. ஆனால் மீன் அவர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. முழங்காலுக்குக் கீழே புடைத்திருக்கும் சதையை நாம் கெண்டைக்கால் என்று மீனாக்கினோம். அவர்கள் அதைப் புவா பெத்திஸ் என்று மறுபடியும் பழமாக்கினார்கள்.

கடைசியாக முளைக்கும் கடைவாய்ப் பல் இன்னொரு உதாரணம். ஆங்கிலத்தைப் பின்பற்றி நாம் அதை ஞானப்பல் என்கிறோம். மலாய்ப் பெயர் கீகி போங்சு. போங்சு என்றால் வீட்டின் கடைக்குட்டி. அறிவு வரும் வயதில் வரும் பல் என்பதைவிட, எல்லோருக்கும் பிறகு பிறந்து எல்லோரையும் நெருக்கித் தள்ளும் கடைக்குட்டி என்பது பல்வலி வந்தவனுக்கு உண்மையாகப் படும்.

காற்றடித்த உடம்பு

உறுப்பு கண்ணுக்குத் தெரியும். நோயின் காரணம் தெரியாது. தெரியாததற்குப் பெயர் வைக்கும்போதுதான் ஒரு சமூகத்தின் மருத்துவக் கொள்கை வெளிப்படும்.

பக்கவாதத்தில் உள்ள வாதம் காற்று. வாதம், பித்தம், கபம் என்று உடம்பைப் பகுத்த சித்த, ஆயுர்வேத மரபின் முத்திரை அது. மலாயில் அதே நோய்க்கு ஆங்கின் ஆமார் என்று பெயர். ஆங்கின் மலாய்ச் சொல், காற்று. ஆமார் அரபுச் சொல், சிவப்பு. சிவப்புக் காற்று. ஒரு கை, ஒரு கால், பாதி வாய் திடீரென்று நின்றுபோவதைப் பார்த்த இரண்டு மக்களும் கண்ணுக்குத் தெரியாத காற்றின்மேல்தான் பழி போட்டார்கள். நம் காற்று வாதமாக வைத்தியரின் ஏட்டில் இருந்தது. அவர்களுடைய காற்று உள்ளூர் நம்பிக்கையும் அரபுச் சொல்லும் கலந்தது. 'வாயு பிடிச்சிருக்கு' என்று நம் பாட்டி சொல்வதும், 'மாசோக் ஆங்கின்', காற்று புகுந்துவிட்டது, என்று மலாய்ப் பாட்டி சொல்வதும் ஒரே வலிக்கு ஒரே விளக்கம். இரண்டு பேரும் தைலப் புட்டியைத்தான் தேடுவார்கள்.

பித்தத்தையும் பார்க்கலாம். பித்துப் பிடித்தல், பைத்தியம் ஆகிய நம் சொற்களின் அடியில் பித்தம் இருக்கிறது. கிரேக்கர்களின் மெலன்கோலியாவும் கரும்பித்தம்தான். மலாய் இங்கே வேறு வழி போனது. மனநோய் அதற்குச் சாக்கிட் ஜீவா. இந்த ஜீவா நமக்குத் தெரிந்த ஜீவன்தான்; வடமொழி வழியாக இரண்டு வீட்டிலும் குடியேறிய சொல். தமிழ் குற்றத்தை ஈரலுக்குப் பக்கத்தில் தேடியது, மலாய் உயிரிலேயே தேடியது. ஜொகூர் பாருவின் தம்போயில் இருக்கும் மனநல மருத்துவமனைக்கு இன்று பெர்மாய் என்று பெயர். எழில் என்று பொருள். நோயின் பெயரையே சொல்லாமல் இடத்துக்கு அழகைப் பெயராக வைத்தது ஒரு நாகரிகம்.

மலேரியா இன்னும் சுவையானது. இத்தாலிய மூலத்தில் அது கெட்ட காற்று. பழைய மலாயில் டெமாம் கூரா. கூரா என்றால் மண்ணீரல். காய்ச்சல் வந்து வந்து போனவரின் இடப்பக்க வயிறு வீங்கிக் கல்லாவதைக் கண்டு வைத்த பெயர். தமிழில் முறைக்காய்ச்சல், நாள் தவறாமல் முறைவைத்து வருவதால். ஐரோப்பியன் காரணத்தை ஊகித்தான், ஊகம் தவறிப்போனது. மலாய்க்காரர் உறுப்பைத் தடவிப் பார்த்தார், தமிழன் நாளை எண்ணினான். மருத்துவ அறிகுறி என்ற அளவில் பின்னவை இரண்டும் இன்றும் சரி.

வலிப்பு நோயில் இரண்டு மொழிகளுமே தவறு செய்திருக்கின்றன. மலாயில் அதைக் கீலா பாபி, பன்றிப் பைத்தியம், என்றார்கள். தமிழில் காக்காய் வலிப்பு. கால்-கை வலிப்பு என்பதே பேச்சில் திரிந்து காகமானது என்று விளக்குவார்கள். விளக்கம் சரியே என்றாலும், காகம் வந்து உட்கார்ந்த பிறகு நோயாளியின் மேல் விழுந்த இழிவு விலகவில்லை. இன்று மலாய் சாவான், எப்பிலெப்சி என்றும், தமிழ் கால்-கை வலிப்பு என்றும் திருத்திக்கொண்டுவிட்டன. விலங்குகளை இரண்டும் விரட்டியது நல்லது.

ஈரல் பேசும் மொழி

மலாய் கற்கும் தமிழ்ப் பிள்ளை முதலில் தடுக்கி விழுவது ஹாத்தி என்ற சொல்லில். அகராதியில் அது கல்லீரல். ஆனால் சாக்கிட் ஹாத்தி என்றால் ஈரல் நோய் இல்லை, மனத்தாங்கல். புவா ஹாத்தி, ஈரல் பழம், என்றால் காதலி. சாலையோரம் ஹாத்தி-ஹாத்தி என்று எழுதியிருந்தால் 'கவனம்'. உணர்ச்சிகள் குடியிருக்கும் இடமாக மலாய் கல்லீரலைத் தேர்ந்தெடுத்தது. ரத்தம் இறைக்கும் இதயத்துக்கு ஜந்தோங் என்று தனிப் பெயர். வாழைப்பூவுக்கும் அதே பெயர்தான். தோட்டத்தில் தொங்கும் வாழையின் இதயம்.

நாம் உணர்ச்சியை நெஞ்சிலும் உள்ளத்திலும் வைத்தவர்கள் என்று பெருமைப்படலாம். ஆனால் பயத்தில் நமக்கு நடுங்குவது எது? ஈரக்குலை. தமிழனின் துணிவும் ஒரு காலத்தில் ஈரலில்தான் இருந்திருக்கிறது. கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என்று கறிக்கடைக்காரர் தடவிப் பார்த்துப் பிரிப்பதுபோல நாம் ஈரலைப் பிரித்தோம். கெட்டியானது கல், மெத்தென்றது மண், காற்றடைத்தது நுரை. பெயரைக் கேட்டாலே உறுப்பின் பதம் கைக்குத் தெரிகிறது. மலாய்க்காரரின் நுரையீரல் பாரு-பாரு. ஒரே சொல்லை இரட்டித்த பெயர், உள்ளே வேறு பொருள் கேட்பதில்லை.

அம்மையும் சாச்சாரும்

இதுவரை பார்த்தவற்றில் வேற்றுமைகள் சிறியவை. பெரியம்மையில்தான் இரண்டு மொழிகளும் உண்மையாகவே பிரிகின்றன. மலாயில் அது சாச்சார். கொப்புளத்தைக் குறிக்கும் சொல், அதற்குமேல் ஒன்றுமில்லை. நமக்கோ அது அம்மை. நோயை நோய் என்று சொல்லாமல் தாயே என்று கூப்பிட்டோம். 'அவளுக்கு அம்மை கண்டிருக்கு' என்றோமே தவிர 'நோய் வந்திருக்கு' என்று சொல்லவில்லை. வேப்பிலையோடும் மாரியம்மனோடும் கப்பலேறி வந்த தமிழர்கள், ஜொகூர் பாரு நகரின் நடுவில் கட்டிய ராஜமாரியம்மன் கோவில் நூறாண்டைக் கடந்து நிற்கிறது.

1980இல் உலக சுகாதார நிறுவனம் பெரியம்மை ஒழிந்தது என்று அறிவித்தது. நோய் போனது, தாய் போகவில்லை. தட்டம்மை, சின்னம்மை, புட்டாளம்மை என்று வேறு வேறு வைரஸ்களின் நோய்களெல்லாம் அவள் பெயரிலேயே நிற்கின்றன. மலாயில் தட்டம்மை சாம்பாக், புட்டாளம்மை பெகுக். ஒன்றுக்கொன்று ஒட்டில்லாத பெயர்கள். தமிழ்ப் பெயர்களில் ஒரு குடும்பம் தெரிகிறது. அது மருத்துவக் குடும்பம் அல்ல, பக்திக் குடும்பம். நோயைப் பிரித்தறிய மலாய்ப் பெயர் உதவும். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து பணிவிடை செய்யத் தமிழ்ப் பெயர் மனத்தைப் பழக்கும்.

இரண்டு பட்டறைகள்

நாட்டுப் பெயர்கள் தானாக முளைத்தவை. நவீன மருத்துவம் வந்த பிறகு பெயர்களை உட்கார்ந்து செய்ய வேண்டியிருந்தது. இரண்டு மொழிக்கும் பட்டறைகள் இருந்தன. மலாயின் பட்டறை இங்கே, ஜொகூரிலேயே.

1888இல் ஜொகூர் பாருவில் மலாய் மொழிக்கென்று ஒரு கழகம் தொடங்கப்பட்டது. சுல்தான் அபு பாக்கார் ஆட்சியில், நவீன அரசு நிர்வாகத்துக்குச் சொற்கள் தேவைப்பட்ட காலம். செயலாளருக்கு அவர்கள் ஆக்கிய செத்தியாஊசாஹா இன்றும் நாடு முழுதும் புழங்குகிறது. செத்தியாவில் சத்தியமும், ஊசாஹாவில் உற்சாகமும் இருப்பது தமிழ்க் காதுக்குக் கேட்கும். 1956 ஜூன் 22இல் இதே நகரில் பாலாய் புஸ்தாக்கா தொடங்கியது. அதுவே பின்னர் டேவான் பஹாசா டான் புஸ்தாக்கா ஆகிக் கோலாலம்பூருக்குப் போனது. 1972இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் எழுத்துக்கூட்டலை ஒன்றாக்கிக்கொண்ட பிறகு, அறிவியல் சொற்களை ஆங்கில ஒலியோடு எடுத்து மலாய் எழுத்தில் எழுதும் வழி அகலமானது. பாராவோடு கான்சர், ஆங்கின் ஆமாரோடு ஸ்ட்ரோக், லெலாவோடு ஆஸ்மா என்று புதுப்பெயர்கள் பழையவற்றோடு வந்து உட்கார்ந்தன.

தமிழின் பட்டறை யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்தது. 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்துப் பார்த்துவிட்டு, 1860களில் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்களை உருவாக்கினார். 1867இல் இரணவைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதம், 1875இல் கெமிஸ்தம் என்று நூல்கள் வந்தன. தலைப்புகளே அவருடைய முறையைச் சொல்லிவிடும். புழங்கும் சொல் இருந்தால் அது. இல்லையென்றால் வடமொழிக் கிடங்கு. அங்கும் இல்லையென்றால் ஆங்கிலத்துக்குத் தமிழ் விகுதி மாட்டி ஒரு கெமிஸ்தம். அவருக்குப் பிறகு வந்த தலைமுறை மூன்றாவது கதவை ஏறக்குறைய மூடிவிட்டது. 1930களில் சென்னையில் கலைச்சொல் முயற்சிகள் வலுத்தபோது தமிழ் வேரிலிருந்து சொல்லாக்குவதே நெறியானது. ஊடுகதிர், குடல்வால், உயிரணு எல்லாம் அந்த வழியில் வந்தவை.

ஆக, ஒரு பட்டறை வெளியூர்ச் சரக்கை வாங்கி மெருகேற்றியது, மற்றது வீட்டு இரும்பை உருக்கி வார்த்தது. எது கெட்டி? பொருள் தெளிவில் தமிழ் முன்னே நிற்கிறது. குடல்வால் என்றதும் பத்து வயதுப் பிள்ளைக்கும் உறுப்பு எங்கே, எப்படி இருக்கும் என்பது தெரிந்துவிடும். அப்பெண்டிக்ஸ் என்ற ஒலியில் மலாய்ப் பிள்ளைக்கு அது கிடைக்காது. புழக்கத்தில் மலாய் முந்துகிறது. அவர்களுடைய சொல்லை அமைச்சரும் மருத்துவரும் மீனவரும் ஒன்றுபோலச் சொல்கிறார்கள். நாமோ பாடநூலில் சிறுநீரகம் என்று எழுதிவிட்டு, வாயில் கிட்னி என்கிறோம். சொல்லை வார்த்தவர்கள் குறை வைக்கவில்லை. அதை மருந்துச் சீட்டுவரை கொண்டுபோய்ச் சேர்க்க நமக்கு ஓர் அரசு மருத்துவமனைப் பலகை வாய்க்கவில்லை. மலாய்க்கு வாய்த்தது.

உலகுக்குக் கொடுத்த சொற்கள்

இரண்டும் வாங்கிய மொழிகள் மட்டும் அல்ல. உயிரியலின் லத்தீன் பெயர்ப் பட்டியலில் இரண்டுக்கும் இடம் உண்டு. முருங்கை மொரிங்கா ஆனது, வெட்டிவேர் வெட்டிவேரியா ஆனது. மலாயின் டுரியான் டுரியோ ஆனது, பாண்டான் பாண்டானஸ் ஆனது. மாமரத்தின் மாஞ்சிஃபெராவில் இரண்டு பேருக்கும் பங்கு உண்டு. மலாயின் மாங்கா நம் மாங்காயிலிருந்து போனது; அந்தப் பெயரே கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனது. உருண்டு சுருளும் எறும்புத்தின்னிக்கு உலகம் சொல்லும் பாங்கோலின் மலாயின் உருளுதலிலிருந்து வந்தது. மெர்சிங் கடலில் மலாய்க்காரர் டூயோங் என்பதும், பாக் நீரிணையில் நம் மீனவர் ஆவுளியா என்பதும் ஒரே கடற்பசு. அறிவியல் மலாய்ப் பெயரை எடுத்துக்கொண்டது.

ஜொகூருக்குத் தனியாக ஒரு கதை உண்டு. 1843இல் சிங்கப்பூரிலிருந்த மருத்துவர் மோன்ட்கோமெரி, கெத்தா பெர்ச்சா என்ற மரப்பாலை மருத்துவக் கருவிகளுக்குப் பயன்படும் என்று வெளியுலகுக்கு அறிவித்தார். அந்தப் பாலின் வணிகத்தில் பெரும்பங்கைக் கையில் வைத்திருந்தவர் ஜொகூரின் தெமெங்கோங் இப்ராஹிம். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகி உலகைச் சுற்றிய அது, இன்றும் பல்வேர் சிகிச்சையில் வேர்க்குழாயை அடைக்கும் பொருளாக இருக்கிறது. அதே கெத்தா என்ற சொல்லை நம் ரப்பர்த் தோட்டத்துத் தாத்தாக்கள் கித்தா ஆக்கினார்கள். கித்தாக்காட்டில் மரம் சீவிய ஒருவரின் பேரன், பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்து உட்கார்ந்திருக்கும்போது, தாத்தாவின் சொல் கட்டப்பெர்ச்சா என்ற பெயரில் அவன் பல்லுக்குள் இறங்குகிறது.

சொல்லால் வரும் நன்மை தீமை

நோய்ப்பெயர் நோயாளியின் நடத்தையையும் தீர்மானிக்கும். நாம் இரத்தக் கொதிப்பு என்கிறோம். கொதிப்பு என்றால் கோபம், சூடு, ஆவேசம். 'நான்தான் இப்ப டென்ஷனே ஆறதில்லையே' என்று மாத்திரையை நிறுத்தியவர்கள் நம் ஒவ்வொரு குடும்பத்திலும் இருப்பார்கள். மலாயில் அது டாரா திங்கி, உயர்ந்த ரத்தம். ரத்தம் கூடிவிட்டதாக நினைத்துச் சத்துணவைக் குறைக்கும் ஆபத்து அதில் உண்டு. சரியான பொருள் தரும் இரத்த அழுத்தம் தமிழில் இருக்கிறது. ஆனால் கொதிப்புக்கு இருக்கும் சூடு அதற்கு இல்லை.

இப்போது மாமாவின் இனிப்புநீருக்குத் திரும்பலாம். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்த நோய். இந்தியர்களிடையே அது மேலும் அதிகம். ஆகவே அதன் பெயர் விளையாட்டு விஷயம் இல்லை. மருத்துவர்கள் எழுதும் முழுப் பெயர் டயாபிட்டிஸ் மெல்லிட்டஸ். டயாபிட்டிஸ் கிரேக்கச் சொல். குழாய் வழியே ஊடுருவி ஓடுவது. மெல்லிட்டஸ் லத்தீன், தேன்போல் இனித்தது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் சிறுநீரின் இனிப்பை எழுதிவைத்தார். நம் மருத்துவ நூல்கள் அதற்கும் வெகுகாலம் முன்பே மதுமேகம் என்று தேனைச் சொல்லிவிட்டன. நீரிழிவு என்ற சொல்லில் நீர் இழிகிறது, இறங்கி ஓடுகிறது. அதாவது அது டயாபிட்டிஸ். கென்சிங் மானிஸும் இனிப்புநீரும் மெல்லிட்டஸ். தமிழ்நாட்டுத் தமிழன் பெயரின் முதல் பாதியை வைத்துக்கொண்டான். ஜொகூர்த் தமிழன் மலாய்க்கார அண்டைவீட்டாரோடு இரண்டாம் பாதியை வைத்துக்கொண்டான். எந்தக் கழகமும் கூடி இனிப்புநீரை ஆக்கவில்லை. நாற்காலி வரிசையில் மலாய் கேட்டுத் தமிழில் சொல்லிப் பழகிய வாய்கள் அதை நிலைக்க வைத்தன.

மாமாவை இங்கே ஒரு கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். மிஸ்ஸி, அதாவது நர்ஸ், விரலில் குத்திப் பார்த்து 'எட்டு புள்ளி இரண்டு' என்றார். மாமா முகத்தில் அப்படியொரு நிம்மதி; மதுரையில் அவருக்கு நூற்றைம்பதுக்குக் குறைந்ததே இல்லையாம். மலேசியாவில் அளக்கும் அலகு வேறு, பதினெட்டால் பெருக்கினால்தான் மதுரைக் கணக்கு வரும் என்று விளக்கினேன். கைப்பேசியில் பெருக்கிப் பார்த்தார்: 147.6. "அப்போ இது நம்ம பழைய சுகரேதான்" என்றார் வாடிய குரலில்.

எண்ணை மாற்றப் பதினெட்டு போதும். சொல்லுக்கு அப்படி ஒரு வாய்ப்பாடு கிடையாது. நீரிழிவை இனிப்புநீராகப் பெருக்கினால் ஓட்டம் விட்டுப்போகும், வகுத்தால் இனிப்பு விட்டுப்போகும். ஊருக்குத் திரும்பிய பிறகு மாமா தொலைபேசியில் பேசும்போது இரண்டையும் வைத்துக்கொண்டார்: "நீரிழிவு டாக்டர்ட்ட போயிட்டு வந்தேன்ப்பா. இனிப்புநீர் கொஞ்சம் கம்மிதான்."